மின்னஞ்சலின் தட ஹெடர்கள்: அனுப்பியவர் சொன்னதையும் சர்வர் கண்டதையும் பிரித்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சரக்கு கொடுக்கும் நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த மாதப் பாக்கியைப் புதுக் கணக்கில் செலுத்துங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர் அனுப்புநர் பெயரைப் பார்க்கிறார், முகவரியைப் பார்க்கிறார், இரண்டும் வழக்கமானவையே என்று நம்பிப் பணத்தை அனுப்பிவிடுகிறார். அஞ்சல் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை என்பதால், பணம் போன பிறகு "இது எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்ல முடியுமா" என்று கேட்டு என்னிடம் வருபவர்கள் உண்டு. பணம் போவதற்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், விடை பெரும்பாலும் அந்தக் கடிதத்துக்குள்ளேயே கிடைத்திருக்கும்.

ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைமாட்டிலும், திரையில் சாதாரணமாகத் தெரியாத வரிகள் பல இருக்கின்றன; இவற்றையே ஹெடர் என்கிறோம். கடிதம் எந்தெந்த சர்வர் வழியாக, எந்த நொடியில், யாரிடமிருந்து கை மாறியது என்பதை வழியிலுள்ள சர்வர்கள் அவற்றில் பதிந்து வைக்கின்றன. பழைய தபால் உறையில் அனுப்பிய அஞ்சலகத்தின் முத்திரையும் பட்டுவாடா செய்த அஞ்சலகத்தின் முத்திரையும் இருப்பதைப் போன்றதுதான் இது. ஒரு வேறுபாடு உண்டு: தபால் உறையில் போலி முத்திரை குத்துவது கடினம், மின்னஞ்சலில் முத்திரைகளில் பாதியை அனுப்புகிறவரே எழுதிவிட முடியும். ஆகவே இந்த வரிகளைப் படிக்கக் கற்பது என்பது, எது அனுப்பியவர் சொன்னது, எது சர்வர் தானே கண்டது என்று பிரிக்கக் கற்பதுதான். கீழே சொல்லப்படும் எல்லாப் படிகளும் இந்த ஒரு பிரிவினையை ஒட்டியே செல்கின்றன.

முதல் படி: உறையையும் கடிதத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்

மின்னஞ்சல் இரண்டு அடுக்குகளாகப் பயணம் செய்கிறது. ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் கடிதத்தை ஒப்படைக்கும் உரையாடலின் விதி எஸ்எம்டிபி. இது ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக 1982-இல் வெளிவந்தது (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை வெளியிடும் ஆவண வரிசை). ஜான் கிளென்சின் தொகுத்த ஆர்எஃப்சி 5321 2008-இல் அதன் இடத்துக்கு வந்தது. கடிதத்தின் உள்வடிவத்தைச் சொல்வது ஆர்எஃப்சி 5322 என்ற தனி ஆவணம். முதலாவதை உறை என்றும் இரண்டாவதை உறைக்குள் இருக்கும் தாள் என்றும் கொள்ளலாம். திரையில் தெரியும் அனுப்புநர் பெயர் தாளில் எழுதியது. சர்வர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட அனுப்புநர் முகவரி உறையில் எழுதியது. இவை இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எஸ்எம்டிபி விதியில் கிடையாது.

உறையின் உரையாடல் எப்படி நடக்கிறது என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டால், ஹெடரில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். அனுப்பும் இயந்திரம், பெறும் சர்வரின் 25-ஆம் போர்ட்டில் (அஞ்சலுக்கென உள்ள நுழைவெண்) டிசிபி என்ற வகை இணைப்பைத் திறக்கிறது. பெறும் சர்வர் 220 என்ற எண்ணோடு வரவேற்கிறது. அனுப்பும் இயந்திரம் 'ஈஹெலோ' என்ற கட்டளையோடு தன் பெயரைச் சொல்கிறது. அடுத்து 'மெயில் ஃப்ரம்' என்ற கட்டளையில் உறையின் அனுப்புநர் முகவரியையும், 'ஆர்சிபிடி டு' என்ற கட்டளையில் பெறுநர் முகவரியையும் தருகிறது. பிறகு 'டேட்டா' என்று சொல்லி, சர்வர் 354 என்று இசைவு தந்ததும், தாளை முழுவதுமாக அனுப்புகிறது. தனி வரியில் ஒற்றைப் புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது என்று பொருள். சர்வர் 250 என்று ஏற்றுக்கொள்கிறது.

இந்த உரையாடலில் பெறும் சர்வர் தானாகவே அறிந்துகொண்டது ஒன்றுதான்: மறுமுனையின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதன் இடத்தைக் காட்டும் எண். ஈஹெலோ பெயர், உறையின் அனுப்புநர், தாளிலுள்ள அனுப்புநர், தாளின் தேதி ஆகிய அனைத்தும் மறுமுனை சொன்னவை. ஐபி முகவரியை மட்டும் ஏன் நம்பலாம் என்றால், டிசிபி இணைப்பு இருவழியானது. தொடக்கத்தில் இரு முனைகளுக்கும் இடையே மூன்று செய்திகள் கை மாற வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கட்டளைக்கும் பதில் போய்ச் சேர வேண்டும். பொய்யான முகவரியைச் சொல்லி ஒருவர் இணைப்பைத் திறக்க முயன்றால், பதில்கள் அந்தப் பொய் முகவரிக்கே போய்விடும், உரையாடல் நடக்காது. ஆகவே கடிதம் முழுதாக வந்து சேர்ந்தது என்றாலே, அந்த முகவரியில் ஒருவர் உட்கார்ந்து பதில் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது உறுதியாகிறது. அவரே எழுதியவரா, அல்லது அவருடைய கணினி களவாடப்பட்டிருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இரண்டாம் படி: ஹெடரை முழுதாக, மாறாமல் எடுங்கள்

ஜிமெயிலில் கடிதத்தைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தால் முழு வடிவம் கிடைக்கும். தண்டர்பேர்டில் கண்ட்ரோல் விசையோடு யு விசையை அழுத்தினால் போதும். மற்ற செயலிகளில் 'சோர்ஸ்', 'ரா', 'ஆல் ஹெடர்ஸ்' போன்ற சொற்களைத் தேடுங்கள். கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் இந்த வசதி இல்லை என்பதால் கணினியில் திறப்பது நல்லது.

கடிதத்தை ஒருவருக்குக் காட்டுவதற்காகச் சாதாரணமாக ஃபார்வர்டு செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் பழைய கடிதத்தின் உரை மட்டும் ஒரு புதிய கடிதத்துக்குள் போகும்; தட வரிகள் அனைத்தும் தொலைந்துவிடும். இணைப்புக் கோப்பாக அனுப்புங்கள், அல்லது கடிதத்தை ஒரு கோப்பாக இறக்கி அதை அனுப்புங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பினாலும் பயனில்லை. விசாரணைக்கு என்று வரும்போது, தொடாத மூலக் கோப்புதான் பேசும்.

மூன்றாம் படி: ஒரு 'ரிசீவ்டு' வரியைப் பிரித்துப் படியுங்கள்

தட வரிகளில் முதன்மையானது 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரி. கடிதத்தை வாங்கும் ஒவ்வொரு எஸ்எம்டிபி சர்வரும் கடிதத்தின் உச்சியில் இப்படி ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 5321-இன் 4.4-ஆம் பகுதி கட்டாயமாக்குகிறது. ஏற்கெனவே இருக்கும் வரிகளைத் திருத்தவோ, நீக்கவோ, வரிசை மாற்றவோ கூடாது என்றும் அதே பகுதி விதிக்கிறது. உண்மையில் இவ்வரிகள் ரோமன் எழுத்தில் இருக்கும். இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். முகவரிகள் விளக்கத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றின் பின்னால் எந்த நிறுவனமும் இல்லை.

ரிசீவ்டு: ஃப்ரம் மெயில்.எக்ஸாம்பிள்.காம் (அன்நோன் [203.0.113.57])
பை எம்எக்ஸ்1.எக்ஸாம்பிள்.ஆர்க் (போஸ்ட்ஃபிக்ஸ்) வித் ஈஎஸ்எம்டிபி ஐடி 4170926
ஃபார் <கணக்கு@எக்ஸாம்பிள்.ஆர்க்>, செவ்வாய், 4 மார்ச் 2025 11:42:07 +0530

திரையில் மூன்று வரிகளாகத் தெரிந்தாலும் இது ஒரே ஹெடர்தான். இடைவெளியோடு தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சி என்பது மின்னஞ்சல் விதி.

'ஃப்ரம்' என்பதை அடுத்து வரும் முதல் பெயர், மறுமுனை ஈஹெலோ கட்டளையில் சொன்னது. அது யாருடைய பெயராகவும் இருக்கலாம்; அந்தப் பெயர் ஐபி முகவரியோடு பொருந்துகிறதா என்று சர்வர் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கடிதத்தை மறுக்கக் கூடாது என்றே விதி சொல்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது சர்வர் கண்டது. சதுர அடைப்புக்குறியிலுள்ள எண், இணைப்பு வந்த ஐபி முகவரி. அதற்கு முன்னால் உள்ள சொல், அந்த எண்ணுக்கு என்ன பெயர் என்று சர்வர் டிஎன்எஸ்-இல் (இணையப் பெயர்களையும் எண்களையும் இணைக்கும் பதிவேட்டில்) தலைகீழாகத் தேடிக் கண்ட விடை. இந்த வரியை எழுதிய அஞ்சல் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயரை மறுபடி நேராகத் தேடி, அதே எண் திரும்பக் கிடைத்தால்தான் எழுதுகிறது. பெயரே இல்லாவிட்டாலும், பெயர் இருந்து எண் பொருந்தாவிட்டாலும் 'அன்நோன்' என்று எழுதிவிடுகிறது. ஆகவே மேலே உள்ள வரியின் பொருள் இதுதான்: "தன் பெயர் மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று ஒருவர் சொன்னார். அவர் வந்த முகவரி 203.0.113.57, அந்த முகவரிக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதாக என்னால் உறுதிசெய்ய முடியவில்லை."

'பை' என்பது இந்த வரியை எழுதிய சர்வரின் பெயர். வரியை நம்புவதா வேண்டாமா என்பதை இந்தப் பெயரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வருவேன்.

'வித்' என்பது உரையாடல் நடந்த முறை. இந்தச் சிறு சொல்லை நான் எப்போதும் கவனமாகப் பார்ப்பேன். 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3848-இன்படி, எஸ்எம்டிபியின் விரிவான வடிவத்தைக் குறிக்கும் ஈஎஸ்எம்டிபி என்ற சொல்லின் இறுதியில் எஸ் எழுத்து சேர்ந்தால் இணைப்பு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது என்றும், ஏ எழுத்து சேர்ந்தால் அனுப்பியவர் கடவுச்சொல் போன்றவற்றைத் தந்து தன்னை உறுதிப்படுத்திக்கொண்டார் என்றும் பொருள். எஸ், ஏ இரண்டும் சேர்ந்திருந்தால், ஒரு பயனர் பாதுகாப்பான இணைப்பில் உள்நுழைந்து கடிதத்தை ஒப்படைத்திருக்கிறார். அந்த வரிதான் பெரும்பாலும் கடிதம் புறப்பட்ட இடம்.

'ஐடி' என்பது அந்த சர்வர் தன் வரிசையில் கடிதத்துக்குக் கொடுத்த எண். வெளியாருக்கு அதனால் எதுவும் தெரியாது. அந்த சர்வரின் நிர்வாகிக்கு அதுவே சாவி. அந்த எண்ணைத் தன் பதிவுக் கோப்பில் தேடினால், எந்தப் பயனர், எந்த முகவரியிலிருந்து, யார் யாருக்கு அனுப்பினார் என்பதெல்லாம் கிடைத்துவிடும். 'ஃபார்' என்பதில் உறையின் பெறுநர் இருப்பார். பெறுநர் பலராக இருந்தாலும் ஒருவருக்கு மேல் அங்கே எழுதக் கூடாது. எழுதினால் மறைநகல் பெற்றவர்களின் பெயர் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நான்காம் படி: எந்த மென்பொருள் எழுதியது என்று பார்த்து இடம் மாற்றிப் படியுங்கள்

போஸ்ட்ஃபிக்ஸும் சென்ட்மெயிலும் சொன்ன பெயரை வெளியேயும் கண்ட பெயரை அடைப்புக்குறிக்குள்ளும் வைக்கின்றன. நேர்த்தேடலும் தலைகீழ்த் தேடலும் பொருந்தாதபோது சென்ட்மெயில் 'மே பி ஃபோர்ஜ்டு' என்று ஒரு குறிப்பை எழுதும். இது போலி என்ற தீர்ப்பு அன்று, பெயரை உறுதிசெய்ய முடியவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

எக்ஸிம் இதற்கு நேர் எதிர். அது தான் சரிபார்த்த பெயரை முதலில் எழுதி, அடைப்புக்குறிக்குள் ஐபி முகவரியையும் 'ஹெலோ=' என்ற குறியோடு மறுமுனை சொன்ன பெயரையும் வைக்கிறது. சரிபார்த்த பெயர் கிடைக்காவிட்டால் வரி நேரடியாகச் சதுர அடைப்புக்குறி எண்ணோடு தொடங்கும். போஸ்ட்ஃபிக்ஸ் பழக்கத்தில் எக்ஸிம் வரியைப் படித்துவிட்டு, உறுதியான பெயரைப் பொய்யென்று எண்ணியவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸிம் இன்னொரு நன்மையும் செய்கிறது: உறையின் அனுப்புநர் முகவரியையும் அதே வரியில் எழுதிவைக்கிறது. க்யூமெயில் தான் கண்ட பெயரை முதலிலும், 'ஹெலோ' என்ற சொல்லோடு மறுமுனை சொன்ன பெயரை அடைப்புக்குறியிலும் எழுதும்.

ஜிமெயிலுக்கு வந்த கடிதங்களின் உச்சியில், 2002 என்று தொடங்கும் ஒரு ஐபிவி6 முகவரி (ஐபி முகவரியின் நீண்ட, புதிய வடிவம்) 'பை' என்பதை அடுத்து வருவதைக் காணலாம். அது கூகுளின் உள்வலையில் 10 என்று தொடங்கும் தனிமுகவரியின் இன்னொரு எழுத்து வடிவம்தான்; அதை வைத்து ஊர் தேடுவது வீண். அதற்குக் கீழே, ஜிமெயிலின் நுழைவாயில் சர்வர் எழுதிய வரியில்தான் வெளியிலிருந்து வந்த முகவரி இருக்கும்.

ஐந்தாம் படி: மேலிருந்து கீழே இறங்கி, நம்பிக்கை முடியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு சர்வரும் தன் வரியை உச்சியில் சேர்ப்பதால், மேலே இருப்பது கடைசியில் எழுதியது, கீழே இருப்பது முதலில் எழுதியது. கடிதத்தின் பயணத்தை வரிசையாக அறியக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். பயணக்கதைக்கு அது சரி. உண்மையைத் தேடும்போது நான் அப்படிப் படிப்பதில்லை, மேலிருந்தே தொடங்குகிறேன். காரணம் எளிது: அடியிலுள்ள வரிகளை அனுப்பியவரே எழுதியிருக்கக் கூடும். 'டேட்டா' கட்டளைக்குப் பின் வரும் தாளில், தேதியும் பெயரும் எழுதுவதைப் போலவே பொய்யான 'ரிசீவ்டு' வரிகளையும் அவர் எழுதி அனுப்பலாம். ஆனால் நம் சர்வர் அதற்கு மேலே எழுதும் வரியை அவரால் தொட முடியாது.

ஆகவே நம் அஞ்சல்பெட்டி இருக்கும் சர்வரின் வரியிலிருந்து தொடங்குங்கள். அதை நாம் அறிவோம், நம்புகிறோம். அது யாரிடமிருந்து வாங்கியதாகச் சொல்கிறது என்று பாருங்கள். அதுவும் நம் நிறுவனத்தின், அல்லது நாம் பணம் கட்டும் அஞ்சல் சேவையின் சர்வர் என்றால், அது எழுதிய அடுத்த வரிக்கு இறங்குங்கள். இப்படி இறங்கிக்கொண்டே போகும்போது, நாம் நம்பும் சர்வர் ஒன்று நாம் அறியாத ஒருவரிடமிருந்து கடிதத்தை வாங்கிய வரி வரும். அதுவே எல்லைவரி. அந்த வரியின் சதுர அடைப்புக்குறியிலுள்ள எண்தான் இந்தக் கடிதத்தைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்த வெளி உண்மை. அதற்குக் கீழே உள்ளவை யாவும் சாட்சியம் மட்டுமே. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் ஏற்க வேண்டும்.

ஒப்பிடும்போது மூன்றைப் பாருங்கள். கீழ்வரியின் 'பை' பெயரும் மேல்வரியின் 'ஃப்ரம்' பகுதியும் ஒரே சர்வரைக் காட்டுகின்றனவா? நேரம் கீழிருந்து மேலே ஏறுமுகமாகப் போகிறதா? வரியின் அமைப்பு, அது தன்னை எழுதியதாகச் சொல்லும் மென்பொருளின் வழக்கத்தோடு ஒத்துப்போகிறதா? பெரிய நிறுவனங்களில் கடிதத்தை வாங்கும் இயந்திரத்துக்கு ஒரு பெயரும் அனுப்பும் இயந்திரத்துக்கு வேறு பெயரும் இருப்பதுண்டு என்பதால், முதல் சோதனையில் பெயர் மாறுபட்டால் உடனே பொய் என்று முடிவுகட்ட வேண்டாம்.

நேரத்தை ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே நேர மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வரியின் இறுதியில் உள்ள +0530 இந்திய நேரம், இலங்கைக்கும் அதுவே. கூகுளின் சர்வர்கள் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தை எழுதுவதால், குளிர்காலத்தில் -0800 என்றும் கோடையில் -0700 என்றும் இருக்கும். இந்திய நேரத்துக்கு முறையே 13:30 மணியும் 12:30 மணியும் கூட்ட வேண்டும். சில நொடிகள் முன்பின் இருப்பது கடிகாரப் பிழை. பல நிமிடங்கள் பின்னோக்கிப் போனால் அந்த வரியைச் சந்தேகியுங்கள்.

ஆறாம் படி: மற்ற தட வரிகளையும் சேர்த்துப் படியுங்கள்

'ரிட்டர்ன்-பாத்' என்பது உறையின் அனுப்புநர் முகவரி. கடைசி சர்வர் கடிதத்தை அஞ்சல்பெட்டியில் போடும்போது இதை எழுதுகிறது. கடிதம் சேராவிட்டால் அறிவிப்பு திரும்பிப் போக வேண்டிய இடம் இது. அப்படித் திரும்பும் அறிவிப்புகளில் இந்த இடம் வெறுமையாக இருக்கும். அறிவிப்புக்கு இன்னோர் அறிவிப்பு என்று முடிவில்லாமல் சுற்றக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது.

'ஆதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்' என்ற வரி, நம் சர்வர் செய்த மூன்று சோதனைகளின் முடிவு. எஸ்பிஎஃப், உறையின் அனுப்புநர் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) சார்பாகக் கடிதம் அனுப்ப இந்த ஐபி முகவரிக்கு அனுமதி உண்டா என்று பார்க்கிறது. டிக்கிம், ஒரு டொமைனின் மின்கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறது. டிமார்க், அந்த இரண்டில் ஏதாவது ஒன்று தேறி, தேறிய டொமைன் திரையில் தெரியும் அனுப்புநரின் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. படிப்பவருக்கு முக்கியமானது மூன்றாவதுதான். எஸ்பிஎஃப் 'பாஸ்' என்ற ஒற்றைச் சொல்லைக் கண்டு நிம்மதியடைபவர்கள் ஏராளம். ஏமாற்றுகிறவர் தன் சொந்த டொமைனை உறையில் எழுதி, அதற்கு முறைப்படி அனுமதி வைத்திருந்தால், எஸ்பிஎஃப் தேறத்தான் செய்யும். அது அவருடைய டொமைனைப் பற்றிய சான்று. திரையில் தெரியும் பெயரைப் பற்றியது அன்று.

இந்த வரியையும் அனுப்பியவர் போலியாக எழுதி வைத்திருக்கலாம். வரியின் தொடக்கத்தில் இருக்கும் சர்வர் பெயர் நம்முடையதா என்றும், அது எல்லைவரிக்கு மேலே இருக்கிறதா என்றும் பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

ஏழாம் படி: ஒரு முழுக் கடிதத்தில் செய்து பார்ப்போம்

தொடக்கத்தில் சொன்ன வங்கிக் கணக்குக் கடிதத்துக்கு ஏற்ப ஒரு மாதிரியை அமைத்திருக்கிறேன். பெறுபவர் எக்ஸாம்பிள்.ஆர்க் நிறுவனம், சரக்கு தருபவர் எக்ஸாம்பிள்.காம்.

ரிட்டர்ன்-பாத்: <ஆபீஸ்@எக்ஸாம்பிள்.நெட்>
ரிசீவ்டு: ஃப்ரம் எம்எக்ஸ்1.எக்ஸாம்பிள்.ஆர்க் (எம்எக்ஸ்1.எக்ஸாம்பிள்.ஆர்க் [10.0.0.5]) பை ஸ்டோர்.எக்ஸாம்பிள்.ஆர்க் (போஸ்ட்ஃபிக்ஸ்) வித் ஈஎஸ்எம்டிபிஎஸ் ஐடி 5502817. செவ்வாய், 4 மார்ச் 2025 11:42:09 +0530
ஆதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்: எம்எக்ஸ்1.எக்ஸாம்பிள்.ஆர்க்; எஸ்பிஎஃப்=பாஸ் மெயில்ஃப்ரம்=எக்ஸாம்பிள்.நெட்; டிக்கிம்=நன்; டிமார்க்=ஃபெயில் ஃப்ரம்=எக்ஸாம்பிள்.காம்
ரிசீவ்டு: ஃப்ரம் மெயில்.எக்ஸாம்பிள்.காம் (அன்நோன் [203.0.113.57]) பை எம்எக்ஸ்1.எக்ஸாம்பிள்.ஆர்க் (போஸ்ட்ஃபிக்ஸ்) வித் ஈஎஸ்எம்டிபி ஐடி 4170926. செவ்வாய், 4 மார்ச் 2025 11:42:07 +0530
ரிசீவ்டு: ஃப்ரம் டெஸ்க்டாப் (டெஸ்க்டாப்.எக்ஸாம்பிள்.காம் [198.51.100.20]) பை அவுட்.எக்ஸாம்பிள்.காம் வித் ஈஎஸ்எம்டிபிஎஸ்ஏ ஐடி 88120. செவ்வாய், 4 மார்ச் 2025 06:19:30 +0000
ஃப்ரம்: <பில்லிங்@எக்ஸாம்பிள்.காம்>
ரிப்ளை-டு: <ஆபீஸ்@எக்ஸாம்பிள்.நெட்>

மேலிருந்து வருவோம். ஸ்டோர் என்பது நம் அஞ்சல்பெட்டி சர்வர். அது நம் நுழைவாயிலான எம்எக்ஸ்1-இடமிருந்து, உள்வலை முகவரியிலிருந்து வாங்கியிருக்கிறது. ஐயமில்லை. அடுத்த ரிசீவ்டு வரியை எழுதியதும் எம்எக்ஸ்1-தான், வாங்கியது 203.0.113.57-இடமிருந்து. இதுவே எல்லைவரி. வந்தவர் சரக்கு நிறுவனத்தின் அஞ்சல் சர்வர் என்று பெயர் சொன்னார். அந்தப் பெயர் உறுதியாகவில்லை. இணைப்பில் குறியாக்கமும் இல்லை. அதே நிறுவனத்தின் பழைய கடிதம் ஒன்றை எடுத்து எல்லைவரியை ஒப்பிட்டுப் பார்ப்பது இந்தக் கட்டத்தில் செய்யக்கூடிய மிகச் சிறந்த சோதனை. வழக்கமாக வேறு முகவரியிலிருந்து, குறியாக்கத்தோடு வரும் கடிதம் இன்று மட்டும் இப்படி வருமானால், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

கடைசி ரிசீவ்டு வரி, சரக்கு நிறுவனத்தின் ஊழியர் உள்நுழைந்து அனுப்பியதாகக் காட்டுகிறது. அதன் நேரம் உலகப் பொது நேரம் 06:19:30. இந்திய நேரத்தில் அது 11:49:30. நம் நுழைவாயில் கடிதத்தை வாங்கியதோ 11:42:07. அனுப்புவதற்கு ஏழு நிமிடங்களுக்கு மேல் முன்பாகவே கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. 'பை' பெயரான அவுட் என்பதும் மேல்வரியில் வந்த பெயரோடு சேரவில்லை. இந்த வரி ஒட்டவைத்த வரி. எஸ்பிஎஃப் தேறியிருப்பது எக்ஸாம்பிள்.நெட் என்ற வேறொரு டொமைனுக்கு, டிமார்க் தோற்றிருக்கிறது, பதில் போகும் முகவரியும் அந்த வேறொரு டொமைனில் இருக்கிறது. டிமார்க் தோற்றும் கடிதம் ஏன் உள்ளே வந்தது என்றால், தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் திரையில் தெரியும் அனுப்புநர் டொமைனின் உரிமையாளரே அறிவிக்கிறார். 'எதுவும் செய்ய வேண்டாம்' என்று அறிவித்திருந்தால் பெறும் சர்வர் பல நேரங்களில் விட்டுவிடும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சரக்கு நிறுவனத்தின் கணக்கையே ஒருவர் களவாடி, அதற்குள்ளிருந்து எழுதியிருந்தால், மேலே சொன்ன சோதனைகள் யாவும் தேறிவிடும். ஹெடர் சரியாக இருப்பது கடிதம் அந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதை மட்டுமே காட்டும். பணம் தொடர்பான மாற்றம் எதுவானாலும், உங்களிடம் முன்பே இருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்துப் பேசிவிடுங்கள். கடிதத்தில் தரப்பட்ட எண்ணில் அழைக்காதீர்கள்.

முகவரியிலிருந்து மனிதரை அடைவது

எல்லைவரியின் எண் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை இணைய முகவரிப் பதிவகங்களின் தேடலில் பார்க்கலாம். ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஏப்னிக், இந்தியாவுக்குள் நிக்ஸி நடத்தும் ஐரின் ஆகியவை அந்தப் பதிவகங்கள். விடையாகக் கிடைப்பது இணைய நிறுவனத்தின் பெயரும் முறைகேடு குறித்து எழுத வேண்டிய முகவரியும்தான். பயனரின் பெயர் கிடைக்காது. வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் தளங்களின் சொல்லை வைத்து ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது பெரும் தவறு.

10, 192.168 ஆகியவற்றில் தொடங்கும் எண்களும், 172.16 முதல் 172.31 வரையிலான எண்களும் உள்வலை முகவரிகள். வெளியே தேடிப் பயனில்லை. 100.64 முதல் 100.127 வரையிலானவை இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வைக்கும்போது உள்ளே பயன்படுத்துபவை. அத்தகைய இணைப்பில் ஒரு பொதுமுகவரியைப் பல வீடுகள் ஒரே நேரத்தில் பகிர்வதால், துல்லியமான நேரமும் இணைப்பின் மூலப் போர்ட் எண்ணும் இருந்தால்தான் ஆளைப் பிரிக்க முடியும். சர்வர்கள் அந்தப் போர்ட்டைப் பதிய வேண்டும் என்று 2011-இல் ஆர்எஃப்சி 6302 பரிந்துரைத்தது. ஆனால் ரிசீவ்டு வரியில் அது பெரும்பாலும் இருக்காது.

உலாவியில் ஜிமெயிலைத் திறந்து அனுப்பிய கடிதத்தில் அனுப்பியவரின் ஐபி முகவரி இருக்காது. கூகுளின் முகவரிகளோடு தடம் நின்றுவிடும். அஞ்சல் செயலி வழியாக உள்நுழைந்து அனுப்பினால், முதல் வரியில் அவருடைய இணைப்பின் முகவரி பதிவாவதுண்டு. பயனர் வீட்டு முகவரியை ஊருக்கெல்லாம் காட்டக் கூடாது என்று கருதி, முதல் சர்வரிலேயே அதை மறைக்கும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். அது நியாயமான அக்கறை என்றே நான் கருதுகிறேன். ஆனால் மறைப்பவர், தன் பதிவுக் கோப்பில் அந்த விவரத்தைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

சர்வரை நடத்துபவர்களுக்கு

ஒரு நிறுவனத்தின் அஞ்சல் சர்வரை ஒருமுறை சோதித்தபோது, வெளியிலிருந்து வந்த எல்லாக் கடிதங்களின் எல்லைவரியிலும் 192.168.1.1 என்ற ஒரே எண் இருந்தது. முன்னால் இருந்த ரூட்டர், உள்ளே வரும் இணைப்புகளின் மூலமுகவரியைத் தன் முகவரியாக மாற்றிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் வந்த கடிதங்கள் எதற்கும் தடம் இல்லை. அதைவிடக் கொடுமை, உள்வலையிலிருந்து வருபவர்கள் கடவுச்சொல் இல்லாமல் வெளியே அனுப்பலாம் என்று சர்வரில் அனுமதி இருந்ததால், உலகிலுள்ள எவரும் அதன் வழியாக அனுப்பும் நிலை. ரூட்டரில் ஒரு விதியைத் திருத்தியதும் இரண்டும் சரியாயின. உங்கள் சர்வரில் இன்று வந்த ஏதாவது ஒரு வெளிக்கடிதத்தின் எல்லைவரியைத் திறந்து, அதில் உண்மையான வெளிமுகவரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

சர்வரின் பெயரும் ஐபி முகவரியும் டிஎன்எஸ்-இல் இருபுறமும் பொருந்தட்டும். இல்லாவிட்டால் பிறருடைய வரிகளில் நீங்கள் 'அன்நோன்' ஆகிவிடுவீர்கள். உங்கள் சர்வரின் பெயரில் வெளியிலிருந்து வரும் 'ஆதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்' வரிகளை நுழைவாயிலிலேயே நீக்குங்கள். பயனர் பெயரை ரிசீவ்டு வரியில் எழுதும் வசதி போஸ்ட்ஃபிக்ஸில் உண்டு. இயல்பாக அது அணைந்திருக்கும், அப்படியே இருக்கட்டும். கடிதம் இரண்டு சர்வர்களுக்கிடையே சுற்றத் தொடங்கினால் அதைப் பிடிப்பதும் இந்த வரிகளை எண்ணித்தான். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு வரம்பு 50.

கடிகாரம் சரியாக இருக்கட்டும். இந்தியாவில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையின்படி, கடிகாரங்களை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைப்பதும், பதிவுக் கோப்புகளை 180 நாள்கள் வைத்திருப்பதும் கடமை. புகார் கொடுப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது: எதிர்முனை நிர்வாகி 'ஐடி' எண்ணைத் தேடும் நாளில் பதிவுக் கோப்பு அழிந்திருக்கலாம். பணம் போயிருந்தால் முதலில் இந்தியாவில் இணையப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். கடிதத்தின் மூலக் கோப்பை அன்றைக்கே இறக்கிவைத்து, எல்லைவரியை முழுதாக, நேரத்தையும் நேர மண்டலத்தையும் விடாமல், புகாரில் எழுத்துக்கு எழுத்து எடுத்து எழுதுங்கள்.